பழைய பெய்ட்காஸ்டிங் ரீல்கள்: தேடி எடுப்பதிலிருந்து தண்ணீரில் வீசுவது வரை

என் மேசையில் இப்போது அமெரிக்காவின் ஃப்ளூகர் நிறுவனம் செய்த ஒரு அக்ரான் ரீல் பிரிந்து கிடக்கிறது. மீன் பிடிக்கும் கோலில், அதாவது ராடில், மாட்டி நரம்பை, அதாவது தூண்டில் இழையை, வீசவும் திரும்பச் சுற்றவும் உதவும் கருவி அது. வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கிய உதிரிகள், நடுவில் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூல். ரீலில் '1893' என்று பொறித்திருக்கிறது. விற்றவர் அதை 1893-ஆம் ஆண்டில் செய்த ரீல் என்று முழு மனதாக நம்பினார். அது ஆண்டு இல்லை, மாடல் எண். அதே நிறுவனத்தின் சம்மிட் ரீலில் '1993' என்றும், சுப்ரீமில் '1573' என்றும் இருக்கும். சேகரிக்க வருகிற எல்லோரும் முதல் மாதத்திலேயே இந்த எண்ணில் தடுக்கி விழுகிறார்கள். அதனால்தான் இதிலிருந்து தொடங்குகிறேன்.

பழைய ரீல்களைச் சேர்க்கிறவர்களில் பலர் அவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம். ஆனால் இந்த ரீல்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. வீசுகிறவரின் கட்டைவிரலை நம்பி விட்டுவிட்டார்கள். விரலை வைத்து ஒருமுறையாவது வீசிப் பார்க்காதவருக்கு நல்ல ரீலுக்கும் சுமாரான ரீலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவே தெரியாது. ஆகவே இந்த வழிகாட்டியைச் சேகரிப்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில், இந்த ரீல் எப்படி வேலை செய்கிறது

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் அசையாது. நரம்பு அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக உதிரும். பெய்ட்காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழன்று நரம்பை விடுகிறது. பொய் இரை ராடின் நுனியைவிட்டுப் பாயும் கணத்தில் ஸ்பூலும் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த ஓரிரு நொடிகளில் காற்று இரையின் வேகத்தைக் குறைக்கும். ஸ்பூலின் வேகம் குறையாது. வெளியே போக வழியில்லாத நரம்பு ஸ்பூலிலேயே பொங்கி, குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். இந்தச் சிக்கைத் தடுப்பதற்காகவே நூறு வருடத்துக்கும் மேலாக ஆளாளுக்கு மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

பழைய ரீல்களில் அடிக்கடி 'குவாட்ரபிள்' என்ற சொல் பொறித்திருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் நான்கு சுற்றுச் சுற்றும் என்று பொருள். பக்கத்திலேயே 60, 80, 100 என்று இருந்தால் அது எத்தனை யார்டு நரம்பு கொள்ளும் என்ற கணக்கு. மீட்டரில் சுமார் 55, 73, 91.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 1950-களுக்கு முந்தைய ரீல்களில் பெரும்பாலானவை நேர் இணைப்பு கொண்டவை. கைப்பிடியையும் ஸ்பூலையும் பிரிக்க முடியாது. வீசும்போது ஸ்பூலோடு கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும், நரம்பை அடுக்கும் வளையமும் இடவலமாக ஓடும். கைப்பிடி, கியர், வளையத்தை ஓட்டும் சுருள்தண்டு அத்தனையையும் அந்தச் சின்னப் பொய் இரைதான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பிற்பாடு எண்ணெய், எடை, நரம்பு என்று நான் எதைச் சொன்னாலும் அதன் காரணம் இங்கே இருக்கிறது.

கடிகாரம் செய்த கைகள்

இந்த ரீலின் பிறப்பிடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். பாரிஸ் என்ற சிற்றூரில் இருந்த கடிகாரக்காரர் ஜார்ஜ் ஸ்னைடர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியர் வைத்த ரீலைச் செய்தார். அவருக்குப் பின் அதே மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஜொனாதன் மீக், பெஞ்சமின் மீக் சகோதரர்கள் வந்தார்கள். அவர்களிடம் வேலை பழகியவர் பெஞ்சமின் மைலம். எல்லாமே கடிகாரப் பட்டறைக் கைகள். பல்சக்கரத்தைக் கையால் அறுத்தவர்கள், திருகாணியைத் தாங்களே கடைந்தவர்கள். பழைய மீக், மைலம் ரீல்களைப் பிரித்தால் திருகாணிகளில் எண்களோ புள்ளிகளோ இருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு திருகாணியும் அதனதன் துளைக்கென்று செய்தது. இடம் மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது.

மீக் பெயர் தாங்கிய ரீலில் ஊர்ப்பெயரைக் கவனியுங்கள். ஃபிராங்க்ஃபர்ட் என்றிருந்தால் முந்தைய காலம். பெஞ்சமின் மீக் தன் மகன்களோடு லூயிவில் நகரில் நடத்திய பட்டறை அதற்கு அடுத்தது. பிரிஸ்டல், கனெக்டிகட் என்றிருந்தால், பெயரை வாங்கிய ஹார்ட்டன் நிறுவனம் செய்தது. மூன்றுமே நல்ல ரீல்கள்தான். ஆனால் சேகரிப்பவர்கள் மூன்றையும் ஒரே தராசில் நிறுப்பதில்லை.

கடிகாரத்தோடு உள்ள இந்த உறவு ஐரோப்பாவிலும் உண்டு. ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் 1921-இல் தொடங்கிய ஏபி உர்ஃபாப்ரிக்கென், பெயருக்கேற்ற மாதிரி கடிகாரத் தொழிற்சாலை. பிறகு டாக்ஸி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீட்டருக்குத் தேவை படுத்துவிட, நுண்ணிய பல்சக்கரம் வெட்டத் தெரிந்த கைகளை ரீல் பக்கம் திருப்பினார்கள். அந்த நிறுவனத்தைத்தான் இன்று நாம் ஆபு என்கிறோம். 1952-இல் அவர்கள் கொண்டுவந்த சிவப்பு நிற அம்பாசடர் 5000 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்பூல் கைப்பிடியிலிருந்து விடுபடும். ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது சின்னக் கட்டைகள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, உரசித் தாமாகவே பிரேக் பிடிக்கும். மீன் இழுத்தால் நட்சத்திர வடிவ டிராக் வழுக்கி நரம்பை விடும்.

இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் சேகரிப்பவருக்கான பெரிய வயல் விரிந்து கிடக்கிறது. மிச்சிகனின் கலமாஸூ நகரில் வில்லியம் ஷேக்ஸ்பியர் 1897-இல் நிறுவனம் தொடங்கி, நரம்பைச் சீராக அடுக்கும் லெவல்வைண்ட் அமைப்பைப் பரப்பினார். ஒஹாயோவின் அக்ரான் நகரத்து ஃப்ளூகர், இண்டியானாவின் சவுத் பெண்ட், நியூவார்க்கின் மீசல்பாக், போருக்குப் பின் அலுமினியத்தில் எடை குறைந்த ரீல்கள் செய்த சான்டியாகோவின் லாங்லி என்று பட்டியல் நீளும். சவுத் பெண்ட் நிறுவனத்தின் சிக்குத் தடுப்பு ரீலை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பாருங்கள். நரம்பின்மேல் ஒரு கம்பி வளைவு இருக்கும். நரம்பு விறைப்பாக ஓடும்வரை கம்பி மேலே தூக்கியே நிற்கும். தொய்ந்தவுடன் கீழே இறங்கி ஸ்பூலில் பிரேக் போடும். கட்டைவிரல் செய்கிற வேலையை ஒரு கம்பி செய்யப் பார்த்தது. அந்தக் கற்பனைக்காகவே எனக்கு அந்த ரீல் பிடிக்கும்.

எதைச் சேர்ப்பது

எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். அலமாரி நிறையும், அறிவு சேராது. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரே நிறுவனம், அல்லது ஒரே காலம், அல்லது லெவல்வைண்ட் வளர்ந்த கதை, அல்லது சிக்குத் தடுப்புக்காகச் செய்த விதவிதமான முயற்சிகள். ஒரே மாடலில் வெவ்வேறு ஆண்டுகளில் செய்த நான்கு ரீல்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த ஆண்டில் எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பதை ரீலே சொல்லும்.

புதிதாக வருகிறவருக்கு என் பரிந்துரை ஃப்ளூகர் அக்ரான் அல்லது சுப்ரீம், கூடவே ஏதாவது ஒரு ஷேக்ஸ்பியர் லெவல்வைண்ட். இவை ஏராளமாகச் செய்யப்பட்டவை. உதிரிக்காக இன்னொன்று வாங்கிப் போடலாம், தவறு நேர்ந்தாலும் உலகம் ஒரு அபூர்வத்தை இழக்காது. வீசுவதுதான் முக்கியம் என்றால் 1960, 70-களின் ஆபு 5000 அல்லது 5500சி. அந்த 'சி' பால் பேரிங் வைத்ததைக் குறிக்கும். இடது கைப்பிடி வேண்டுமானால் 5001 தேடுங்கள். பழைய ரீல்கள் ஏறத்தாழ எல்லாமே வலது கைப்பிடி. கென்டக்கி ரீல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். கை பழகாமல் அவற்றைப் பிரிப்பது பாவம்.

1970-களின் நடுவில் வந்த லூ சில்ட்ரேயின் ஸ்பீட் ஸ்பூல் பிபி-1 ரீலையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். ஷிமானோ தயாரித்துக் கொடுத்தது அது. கைக்குள் அடங்கும் ஒடுங்கிய உடல், வீசும்போது நகராத நரம்பு வளையம். இன்றைய ரீல்களின் முகம் அங்கேதான் உருவானது. என் கணக்கில் 'பழைய ரீல்' அதோடு முடிகிறது.

வாங்குமுன் ஐந்து நிமிடம்

ரீலைக் கையில் வாங்கியதும் முதலில் அடியைப் பாருங்கள். ராடில் மாட்டுகிற பாதத்தின் இரு முனைகளும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? முன்காலத்தில் ராடில் பொருந்தாத ரீலை அரம் போட்டு ராவிவிடுவார்கள். ராவிய பாதம் வீசுவதற்குத் தடையில்லை, ஆனால் சேகரிப்பு மதிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ராவிய இடத்தில் முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரியும்.

அடுத்து திருகாணித் தலைகள். வெட்டு சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியால் யாரோ முரட்டுத்தனமாகத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம். உள்ளே வேறு என்னென்ன செய்தாரோ. பிறகு கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, நரம்பு வளையம் இரண்டு ஓரமும் போய்த் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் தயங்கினாலோ நின்றாலோ, உள்ளே வளையத்தை நகர்த்தும் நாக்கு என்ற சிறு உதிரி தேய்ந்திருக்கிறது. அது சரி செய்யக்கூடியது. ஸ்பூலைச் சுற்றும்போது அதன் விளிம்பு ஆடி ஆடி வந்தால் அச்சு வளைந்திருக்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

சில ரீல்களின் ஓர மூடிகளில் சிவப்பு, பச்சைக் கல் பதித்திருக்கும். ஸ்பூல் அச்சின் முனை உராயாமல் சுழல அதை வைத்தார்கள். கடிகாரத்தில் கல் வைப்பது போலத்தான். பல ரீல்களில் அது கண்ணாடியே. பூதக்கண்ணாடியால் பாருங்கள், விரிசல் விழுந்த கல் அச்சின் முனையைத் தின்றுவிடும். எபோனைட் என்ற கடின ரப்பரில் செய்த கருப்புப் பக்கத்தகடு இருந்தால் திருகாணித் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் தேடுங்கள். அந்தக் கருப்பு பழுப்பாக மாறியிருந்தால் வெயிலும் ஈரமும் பட்ட ரீல்.

கடைசியாகக் காதருகே வைத்து ஸ்பூலை விரலால் ஒரு தட்டு. நல்ல ரீல் மெல்லிய, ஒரே சீரான ரீங்காரத்தோடு சுழன்று அடங்கும். கரகரப்பு அழுக்கு. டக்கு டக்கு என்று முறை வைத்துக் கேட்டால் பல் உடைந்த கியர்.

வயதைப் பொறுத்தவரை, ரீலில் பொறித்த காப்புரிமைத் தேதி அந்த ரீல் செய்த தேதி இல்லை. அதற்கு முன் செய்திருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. ஷேக்ஸ்பியரில் மாடல் எண்ணை ஒட்டி வரும் இரண்டு எழுத்துகள் ஆண்டைக் குறிக்கும் சங்கேதம். ஆபுவில் 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு பாதத்தின் அடியில் உள்ள எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு.

பிரித்துச் சுத்தம் செய்தல்

வேலையில் இது நீளமானது, இன்பமானதும்கூட. அவசரமாக வேறு எங்காவது போக வேண்டிய நாளில் தொடங்காதீர்கள்.

ஓரம் மடித்துத் தைத்த வெள்ளைத் துணி, பள்ளம் பள்ளமாக உள்ள தட்டு (ஐஸ் தட்டு நன்றாக உதவும்), திருகாணி வெட்டில் இடைவெளி இல்லாமல் பொருந்தும் திருப்புளிகள், பழைய பல் துலக்கி, பஞ்சுக்குச்சி, பல்குத்தும் குச்சி, ஊடுருவும் எண்ணெய், மண்ணெண்ணெய். இவை போதும். கைபேசியை எட்டும் தூரத்தில் வையுங்கள். ஒவ்வொரு உதிரியைக் கழற்றும் முன்பும் ஒரு படம். "இது நினைவிருக்கும்" என்று நினைக்கிற உதிரிதான் நினைவில் இருக்காது.

சில ரீல்கள் திருப்புளியே இல்லாமல் பிரியும். மீசல்பாக் நிறுவனத்தின் டேக்காபார்ட் பெயரிலேயே அதைச் சொல்லிவிடுகிறது. உங்கள் ரீலில் வளையமோ குமிழோ திருகுமா என்று முதலில் பாருங்கள். திருகாணி வைத்த ரீல் என்றால், இறுகிய திருகாணியில் ஒரு சொட்டு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு இரவு. எண்பது வருடம் காத்திருந்த திருகாணிக்கு இன்னொரு இரவு பெரிதில்லை. கழற்றியதை அதன் துளைக்கு நேரான பள்ளத்தில் போடுங்கள், கலக்கவே கூடாது.

ஒழுங்கு இதுதான்: ஓர மூடிகள், கைப்பிடி, கைப்பிடிப் பக்கத் தகடு, கியர்கள், ஸ்பூல், கடைசியில் லெவல்வைண்ட். அதில்தான் இந்த ரீலின் உயிர் இருக்கிறது. ஒரு தண்டின்மேல் இரண்டு சுருள் வெட்டுகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிக்கொண்டு ஓடும். நரம்பு வளையத்துக்கு அடியில், ஒரு சிறு மூடிக்குள் இருக்கும் பிறை வடிவ நாக்கு அந்த வெட்டில் உட்கார்ந்திருக்கும். தண்டு ஒரே திசையில் சுழன்றாலும், ஓரத்துக்கு வந்ததும் நாக்கு தானாகத் திரும்பி எதிர் வெட்டில் ஏறிக்கொள்ளும். அதனால்தான் வளையம் இடமும் வலமுமாக ஓடுகிறது.

நான் முதன்முதலில் பிரித்த ரீலில் வளையம் நடுவிலேயே சிக்கி நின்றது. துருப்பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மூடியைத் திருகியதும் நாக்கு என் உள்ளங்கையில் விழுந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. நுனியில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. குச்சியால் சுரண்டினேன். இழை இழையாக வந்தது. பட்டு நூல். அந்தக் காலத்தில் நைலான் கிடையாது, பின்னிய பட்டு நூலைத்தான் சுற்றினார்கள். எப்போதோ யாரோ ஒருவர் வீசி இழுத்தபோது தேய்ந்து உதிர்ந்த இழை, எண்ணெயோடு இறுகிக் கட்டியாகி, தண்டின் வெட்டை அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியின் கூர் நுனியால் வெட்டு முழுவதும் சுற்றிச் சுற்றி எடுக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. திரும்பப் பூட்டிச் சுற்றியபோது வளையம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்த இழைகளை ஒரு காகிதத்தில் மடித்து ரீலோடு சேர்த்தே வைத்திருக்கிறேன்.

நாக்கின் நுனி கூர்மழுங்கியோ ஒருபக்கம் சாய்ந்தோ இருந்தால் புதியது போடுங்கள். தேய்ந்த நாக்கோடு ஓட்டினால் தண்டின் வெட்டும் கெடும். நாக்கு கிடைக்கும், தண்டு கிடைப்பது அரிது.

உலோக உதிரிகளை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவலாம். பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பை எண்ணெயில் நனைத்த மரக்குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். வினிகர், எலுமிச்சை, அமோனியா கலந்த துடைப்பான் எதுவும் வேண்டாம். எபோனைட் தகட்டில் வெந்நீர் படவே கூடாது. நிறம் பழுப்பாகிவிடும், திரும்பி வராது. செல்லுலாய்ட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கைப்பிடிக் குமிழ்கள் அசிட்டோன் பட்டால் கரையும், நெருப்பருகே எளிதில் பற்றிக்கொள்ளும்.

பளபளவென்று தேய்க்க வேண்டும் என்று கை துடிக்கும். ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. வயதானால் ஒரு மென்மையான சாம்பல் நிறம் படியும். அதைத் தேய்த்து எடுத்தால் பொறித்த எழுத்துகளும் சேர்ந்து மழுங்கும். நிக்கல் முலாம் பூசிய பித்தளையோ, தேய்க்கத் தேய்க்க முலாமையே இழக்கும். மென்துணியால் துடையுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

எண்ணெய் விஷயத்தில் கை கஞ்சமாக இருக்கட்டும். ஸ்பூல் அச்சின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சொட்டு மெல்லிய ரீல் எண்ணெய் அல்லது தையல் இயந்திர எண்ணெய், சுருள்தண்டில் ஒன்று, கைப்பிடிக் குமிழ்களில் ஒவ்வொன்று. கியர் பற்களில் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிரீஸ். நேர் இணைப்பு ரீலில் வீசும்போதும் கியர் சுழல்கிறது என்று சொன்னேன் அல்லவா? அப்பிய கிரீஸ் வீச்சை அப்படியே தின்றுவிடும். தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பிசினாக இறுகும். பழைய ரீல்கள் பல நின்றுபோனது அதனால்தான்.

நரம்பு, ராடு, எடை

இந்த ரீல்கள் மெல்லிய பின்னல் நூலை நினைத்துச் செய்தவை. இன்று அதற்கு நெருக்கமானது பின்னிய டேக்ரான், அதாவது பாலியஸ்டர் நூல். ஏழு, எட்டுக் கிலோ தாங்கும் அளவு போதும். மென்மையாக, தட்டையாகப் படியும், கட்டைவிரலுக்கும் இதமாக இருக்கும். ஒற்றை இழை நைலான் நரம்பு போட வேண்டுமென்றால் மென்மையான ரகமாகப் பார்த்து 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர். ஆனால் பேக்கலைட் என்ற பழைய வகைக் கடினப் பிளாஸ்டிக்கில் செய்த ஸ்பூல் இருந்தால் போடாதீர்கள். இழுத்துச் சுற்றிய நைலான் சுருங்கி, ஸ்பூலின் விளிம்புகளை வெளிப்பக்கம் தள்ளிப் பிளந்துவிடும். இன்றைய மெல்லிய சூப்பர் பின்னல் நூலும் இங்கே ஆகாது. ஸ்பூலுக்கும் பக்கத்தகட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நுழைந்து சுற்றிக்கொள்ளும், பழைய நரம்பு வளையத்தில் கோடு போடும்.

ஸ்பூல் முழுக்க நரம்பைச் சுற்றுவது தப்பு. அத்தனை எடையையும் ஒவ்வொரு வீச்சுக்கும் சுழற்றி எழுப்ப வேண்டும், பிறகு நிறுத்தவும் வேண்டும். அந்தக் காலத்துப் போட்டி வீரர்கள் ஸ்பூலின் நடுவில் கார்க் வளையம் பொருத்தி, மேலே தேவையான அளவு மட்டும் நூல் சுற்றினார்கள். நீங்களும் கார்க்கை இரண்டு அரைவட்டமாக வெட்டி ஒட்டி, மேலே ஐம்பது மீட்டர் சுற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிற்கட்டும். இந்த ஒரு மாற்றமே ரீலை வேறு ரீலாக்கும்.

ராடு வளைந்து கொடுக்க வேண்டும். ஃபைபர் கிளாஸில் ஐந்தரை, ஆறு அடி, மேலே ரீல் உட்காரும் வகை. இன்றைய விறைப்பான கார்பன் ராடு ஸ்பூலை ஒரே உதையில் எழுப்பிவிடும்; விரலுக்கு அவகாசம் கிடைக்காது. பாதம் பொருந்தவில்லையா, ராடை மாற்றுங்கள். அரத்தைத் தொடாதீர்கள்.

பொய் இரையின் எடை பதினெட்டு கிராம் அளவில் தொடங்கட்டும். அந்தக் காலத்து வழக்கமான ஐந்தெட்டு அவுன்ஸ் அதுதான். பத்து கிராமுக்குக் கீழே நேர் இணைப்பு ரீலை ஓட்டுவது பல வருடப் பழக்கம் உள்ளவர்களின் வேலை.

கட்டைவிரலைப் பழக்குதல்

தண்ணீருக்குப் போகாதீர்கள். புல்வெளியில், முள் இல்லாத எடையோடு, பத்து மீட்டரில் ஒரு வாளியை வைத்துத் தொடங்குங்கள்.

முதலில் ஓர மூடியைச் சரிசெய்ய வேண்டும். இரையை ராடின் நுனியில் தொங்கவிட்டு ஸ்பூலை விடுங்கள். இரை நிதானமாக இறங்கித் தரையைத் தொட்டவுடன் ஸ்பூல் ஏறக்குறைய நிற்க வேண்டும். பொலபொலவென்று சுற்றிக்கொண்டே இருந்தால் மூடியை ஒரு மயிரிழை இறுக்குங்கள். விரல் பழகப் பழக மெல்லத் தளர்த்திக்கொண்டே வரலாம். கடைசியில் ஸ்பூல் பக்கவாட்டில் லேசாக 'டிக்' என்று ஆடும் அளவில் நிறுத்துங்கள்.

பிடிக்கும் விதம் முக்கியம். வீசும் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பி, ரீலின் கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். அப்போது ஸ்பூல் தன் அச்சின் ஒரு முனையில், பம்பரம் போல, நின்று சுழலும், உராய்வு குறையும். மணிக்கட்டும் தடையில்லாமல் மடங்கும்.

கட்டைவிரலின் நுனியை வைக்காதீர்கள். பக்கவாட்டுச் சதையை, நரம்பும் ஸ்பூல் விளிம்பும் சேர்ந்து படும்படி சாய்த்து வையுங்கள். பின்னால் கொண்டுபோகும்போது விரல் அழுத்தமாக இருக்கும். முன்னால் வந்து ராடு கண்ணெதிரே ஏறத்தாழ பத்து மணி முள்ளின் இடத்துக்கு வரும்போது அழுத்தத்தை விடுங்கள், ஆனால் விரலை எடுக்காதீர்கள். இறகு தடவுவது போல நரம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நரம்பு விரலுக்கடியில் உப்பினால் ஸ்பூல் இரையை முந்துகிறது. ஒரு துளி அழுத்தம் கூட்டுங்கள். உப்பல் தணிந்தால் மறுபடி இளக்குங்கள். இரை கீழே விழுவதற்கு ஒரு கணம் முன்பு முழுதாக அழுத்தி நிறுத்துங்கள்.

முதல் நாள் சிக்கு விழும். இரண்டாம் நாளும் விழும். கோபத்தில் இழுக்காதீர்கள். ஸ்பூலை அழுத்திப் பிடித்து நரம்பை மெதுவாக இழுங்கள், தடுக்கும் இடத்தில் எந்தக் கண்ணி மேலே ஏறிக் கிடக்கிறது என்று பார்த்து அதை மட்டும் குச்சியால் தூக்குங்கள், மறுபடி இழுங்கள். பத்தில் ஒன்பது சிக்குகள் இப்படியே பிரிந்துவிடும். கத்திரிக்கோலைப் பையிலேயே வைத்திருங்கள்.

தூரத்தைத் துரத்தாதீர்கள். வேகமாக வீச வீச ஸ்பூல் முரடாகும். பத்து மீட்டரில் பத்துக்கு ஏழு வாளிக்குள் விழுகிற வரை பதினைந்துக்குப் போகக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. ஒரு நாள், எண்ணாமலே, விரல் தானாக அழுத்தி இளக்குவதை உணர்வீர்கள். அதன் பிறகு தண்ணீருக்குப் போகலாம்.

லெவல்வைண்ட் இல்லாத கென்டக்கி வகை ரீலில் இன்னொரு வேலையும் உண்டு. திரும்பச் சுற்றும்போது ரீலைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் நரம்பை இடவலமாக நகர்த்தி அடுக்க வேண்டும். ஒரே இடத்தில் குவிந்தால் அடுத்த வீச்சு அங்கேதான் சிக்கும்.

மீன் மாட்டினால்

ஆபு அம்பாசடர் என்றால் டிராக் பார்த்துக்கொள்ளும். நேர் இணைப்பு ரீலில் மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கி அசுர வேகத்தில் ஓடும். அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். ஒரு பெரிய மீன் படகடியில் பாய்ந்தபோது நான் பிடிக்கப் போனேன். குமிழ் கணுவில் விழுந்த அடியில் இரண்டு நாள் விரலை மடக்க முடியவில்லை. கைப்பிடியை முழுதாக விட்டுவிட்டு, ராடைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் ஸ்பூலை அழுத்துங்கள். அழுத்தம் கூடக் கூட மீன் தளரும், நின்றதும் கைப்பிடிக்குத் திரும்புங்கள். விரல் சுடும். அதற்காகவே அந்தக் காலத்தில் தோலில் தைத்த விரலுறை போட்டுக்கொண்டார்கள்; பழைய கையுறையின் கட்டைவிரலை வெட்டி மாட்டினால் அதே பலன்.

உப்புநீர், பெருமீன், பாறை நிறைந்த இடம் ஆகியவற்றுக்கு இந்த ரீல்களைக் கொண்டுபோகாதீர்கள். நன்னீரில், இரண்டு மூன்று கிலோ வரையான மீனுக்கு இவை தாராளமாகப் போதும். அபூர்வமான ரீல் என்றால் புல்வெளி வீச்சோடு நிறுத்திக்கொள்வதே நியாயம்.

வீடு திரும்பியதும்

அன்றிரவே துணியால் துடைத்து, ஓர மூடியைக் கழற்றி ஒரு சொட்டு எண்ணெய். நனைந்த நரம்பை ஸ்பூலிலேயே விட்டால் அடியில் களிம்பு பூக்கும். நாலைந்து மீட்டர் நீளமாக உருவி, காற்றில் உலர்த்திச் சுற்றுங்கள். ஸ்பூல் சுழலும்போது டிக் டிக் என்று ஒலிக்கும் கிளிக்கரின் பொத்தானை அணைத்து வையுங்கள்; இல்லாவிட்டால் அதன் சுருள்வில் அழுத்தத்திலேயே கிடந்து தளரும். டிராக் உள்ள ரீலில் டிராக்கையும் முழுதாகத் தளர்த்திவிடுங்கள்.

ஆபுவோடு வந்த தோல் பெட்டி அழகானது. உள்ளே சிறு திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் மாற்று நாக்கும் இருக்கும். பெட்டியைப் பத்திரமாக வையுங்கள், ஆனால் ரீலை அதற்குள் வருடக்கணக்கில் பூட்டாதீர்கள். பதனிட்ட தோலின் அமிலம் ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கும். செல்லுலாய்ட் குமிழ் வைத்த ரீலைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால், அது விடும் ஆவியே பக்கத்து உலோகத்தைக் கெடுக்கும். பருத்தித் துணிப் பையும் திறந்த அலமாரியும் நல்லது.

ஒவ்வொரு ரீலுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள். எங்கே, யாரிடமிருந்து கிடைத்தது, உள்ளே எதை மாற்றினீர்கள், பழைய உதிரி எங்கே இருக்கிறது, எந்த எடையை எவ்வளவு தூரம் வீசியது. இந்த அக்ரானின் அட்டையில் இப்போதைக்கு இரண்டே வரி: "1893 மாடல் எண். நாக்கு தேய்ந்திருக்கிறது, மாற்று வந்ததும் பூட்ட வேண்டும்." மூன்றாவது வரியைப் புல்வெளியிலிருந்து வந்தபின் எழுதுவேன்.